ஒளி பட்டதும் வலுக்கும் அமிலம்

பின்வரும் பகுதியை வாசித்திடுக.

செராஸ், தாமான் கோனாட் வட்டாரத்தில் புதன்கிழமை என்றாலே தனிக் களை. மாலையிலேயே சாலை நெடுகக் கூடாரங்கள் எழும்பிவிடும். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளும் அந்த இரவுச் சந்தையில் பொரித்த தின்பண்டத்தின் மணமும் கைப்பேசி உறை விற்பவரின் குரலும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு புதன்கிழமை இரவு. சந்தையின் இரைச்சல் எட்டும் தூரத்தில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில், படிவம் நான்கு மாணவி ஒருத்தி வேதியியல் ஆய்வறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். அன்று காலை பள்ளி ஆய்வுக்கூடத்தில் காரத்தை அமிலத்தால் நடுநிலையாக்கும் சோதனை நடந்தது. வகுப்பில் பெரும்பாலோர்க்கு 25.00 கன சென்டிமீட்டர் அமிலம் தேவைப்பட்டது. அவளுக்கோ 23.80 கன சென்டிமீட்டரிலேயே நிறம் மாறிவிட்டது. தன் அட்டவணையைச் சற்று நேரம் பார்த்தவள், அழிப்பானைக் கையில் எடுத்தாள்.

பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கும் அக்காள் அதைக் கவனித்துவிட்டாள்.

“ஏன் அழிக்கிறாய்?”

“எல்லாருக்கும் 25 வந்திருக்கிறது அக்கா. எனக்கு மட்டும் வரவில்லை. தப்பாகத்தான் இருக்கும்.”

“தப்பாகவும் இருக்கலாம். ஆனால், அழித்துவிட்டால் அது தப்பா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். கொஞ்சம் பொறு. உனக்கு ஒன்று காட்டுகிறேன்.”

அக்காள் சமையலறையிலிருந்து இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் கொண்டு வந்தாள். தங்கையின் மஞ்சள் ஹைலைட்டர் பேனாவின் முனையை இரண்டு நீரிலும் சிறிது நேரம் நனைத்தாள். பிறகு, முதல் குவளையில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடாவைப் போட்டாள். இரண்டாவதில் எலுமிச்சைச் சாற்றைச் சில சொட்டுகள் பிழிந்தாள். ஆப்பச்சோடா விழுந்த நீர் பளிச்சென்ற மஞ்சளாக நின்றது. எலுமிச்சை விழுந்த நீரோ வெளிறிப் போனது.

“அமிலம் பட்டதும் மஞ்சள் போய்விட்டது. இது எனக்குத் தெரியும்” என்றாள் தங்கை.

அக்காள் விளக்கை அணைத்தாள். இரவுச் சந்தையில் வாங்கிய, கள்ள நோட்டுகளைச் சோதிக்கப் பயன்படும் சிறிய புற ஊதா விளக்கை எடுத்தாள். “கண்ணில் படக்கூடாது” என்று எச்சரித்துவிட்டு, குவளைகளின் மேல் மட்டும் அதன் ஒளியைப் பாய்ச்சினாள்.

இரண்டு குவளைகளும் ஒரே பச்சை நிறத்தில் ஒளிர்ந்தன.

“இதெப்படி அக்கா? விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் வேறு வேறு. இருட்டில் இரண்டும் ஒன்று. எது உண்மை?”

“இரண்டுமே உண்மைதான்” என்றாள் அக்காள். “இதே கேள்வி ஒரு காலத்தில் அறிவியலாளர்களையும் திகைக்க வைத்தது. ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகளை அவர்கள் அழித்துவிடவில்லை.”

அமிலம் தரும், காரம் வாங்கும்

ஆரத்தி எடுக்கும்போது மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்ப்பார்கள், நீர் சிவந்துவிடும். மஞ்சள் கறை பட்ட சட்டையில் சவர்க்காரம் தேய்த்தாலும் கறை சிவக்கும். இந்த நிறமாற்றத்திற்குப் பின்னால் இருப்பது ஓர் எளிய கொடுக்கல் வாங்கல். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் சாயம் தன்னிடமுள்ள ஒரு புரோட்டானைக் காரத்திடம் இழக்கிறது. புரோட்டானை இழந்த குர்குமின் வேறு வகை ஒளியை விழுங்குவதால், அதன் நிறமும் மாறிவிடுகிறது.

புரோட்டான் என்பது எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் அணு. புரோட்டானைத் தருவது அமிலம். அதனை ஏற்பது காரம். இவ்விலக்கணத்தை 1923ஆம் ஆண்டில் டென்மார்க்கைச் சேர்ந்த புரோன்ஸ்டெட்டும் இங்கிலாந்தைச் சேர்ந்த லௌரியும் தனித்தனியே வகுத்தனர்.

எல்லா அமிலங்களும் ஒரே தாராளத்துடன் புரோட்டானைத் தருவதில்லை. அந்தத் தாராளத்தை அளக்க ‘அமில வலிமை எண்’ பயன்படுகிறது. ஒரு கரைசலில் அமில மூலக்கூறுகளில் சரிபாதி புரோட்டானை இழந்து நிற்கும் பி.எச். அளவே அந்த எண். எண் சிறிதானால் அமிலம் வலியது, பெரிதானால் மெலியது. எண்ணில் ஒன்று குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் எண் ஏறத்தாழ 4.8. ஹைலைட்டர் மை பலவற்றில் சேர்க்கப்படும் பைரானின் என்ற சாயத்தின் எண் ஏறத்தாழ 7.4. ஆகவே, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் பைரானின் தன் புரோட்டானை இறுகப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். வெளிறிய நிறம் அதைத்தான் காட்டியது. ஆனால், பச்சை ஒளிர்வோ புரோட்டானை இழந்த பைரானினுக்கு உரியது. இங்குதான் புதிர் தொடங்குகிறது.

அங்சானா மரமும் நீல நீரும்

அமிலத்திற்கும் ஒளிர்வுக்கும் உறவு உண்டு என்பது மிகப் பழைய செய்தி. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியர் ஒரு மருத்துவ மரத்தைப் பெரிதும் போற்றினர். அம்மரத்தின் சீவல்களை நீரில் ஊறவைத்தால், நீர் ஒரு பக்கம் பொன்னிறமாகவும் மறுபக்கம் நீலமாகவும் தோன்றும். மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு மரமும், பிலிப்பீன்சிலிருந்து வந்த மற்றொரு மரமும் ஒரே பெயரில் அங்கு விலைபோயின. அந்த இரண்டாவது மரம் மலேசியர்களுக்குப் புதியதன்று. கோலாலம்பூரின் சாலையோரங்களில் நிழல் தந்து, மஞ்சள் பூக்களைத் தரையெங்கும் உதிர்க்கும் அங்சானாதான் அது. சங்க இலக்கியம் போற்றும் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு இது.

1664ஆம் ஆண்டில் நிறங்களைப் பற்றி நூல் எழுதிய ராபர்ட் பாயில், இந்த நீரில் அமிலத்தைச் சேர்த்தால் நீலம் மறைவதையும், பிறகு காரத்தைச் சேர்த்தால் நீலம் மீள்வதையும் பதிவு செய்தார். ஏன் அப்படி நிகழ்கிறது என்று விளக்க அவரிடம் கருவியும் இல்லை, கோட்பாடும் இல்லை. கண்டதை அவர் கண்டவாறே எழுதிவைத்தார்.

பொருந்தாத இரண்டு அளவுகள்

1931ஆம் ஆண்டில் வெபர் என்னும் வேதியியலாளர், ஒளிரும் தன்மையுள்ள சேர்மங்களை நீரில் கரைத்து, அந்நீரின் அமிலத்தன்மையைச் சிறிது சிறிதாக மாற்றி ஆராய்ந்தார். கரைசல் எந்த ஒளியை விழுங்குகிறது, எந்த ஒளியை உமிழ்கிறது என்று இரண்டையும் அவர் கவனித்தார். புரோட்டானை இழக்கும்போது இவ்விரண்டும் ஒரே பி.எச். அளவில் மாறவேண்டும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால், விழுங்கும் ஒளி சற்றும் மாறாத இடத்திலேயே உமிழும் ஒளி மாறிவிட்டது. ஒரே சேர்மத்திற்கு இரண்டு அமில வலிமைகள் இருப்பதுபோல் தோன்றியது.

ஒரு பொருளுக்கு ஓர் அமில வலிமை எண்தான் என்று அட்டவணைகள் சொல்கின்றன. அப்படியிருக்க, இரண்டாவது எண்ணைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிடுவது மிகவும் எளிது. வெபர் அதை ஒதுக்கவில்லை. எனினும், அவர் கண்டதற்கு முழு விளக்கம் கிடைக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

ஃபோர்ஸ்டர் தந்த விளக்கம்

1949ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் தியோடர் ஃபோர்ஸ்டர் விடை தந்தார். ஒளியை விழுங்கும் மூலக்கூறும் ஒளியை உமிழும் மூலக்கூறும் ஒரே நிலையில் இல்லை என்பதே அந்த விடை. ஒளியை விழுங்குவது இயல்பு நிலையில் உள்ள மூலக்கூறு. ஒளியை விழுங்கியதும் அது கிளர்வுற்ற நிலைக்கு உயர்கிறது. கிளர்வுற்ற நிலையில் அது அதே அணுக்களைக் கொண்டிருந்தாலும், வேதியியல் நடத்தையில் வேறொரு பொருளாகிவிடுகிறது.

இதற்கு நாப்தால் நல்ல எடுத்துக்காட்டு. துணி அலமாரியில் வைக்கும் பூச்சி உருண்டைகளில் நாப்தலீன் என்ற சேர்மம் உண்டு. இரண்டு வளையங்கள் ஒட்டியது போன்ற அதன் மூலக்கூற்றில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த கிளையைப் பொருத்தினால் நாப்தால் கிடைக்கும். கிளை பொருந்தும் இடத்தைக் கொண்டு அதனை 1-நாப்தால், 2-நாப்தால் என வகைப்படுத்துவர்.

இயல்பு நிலையில் 2-நாப்தாலின் அமில வலிமை எண் ஏறத்தாழ 9.5. அதாவது, அது மிகவும் மெலிந்த அமிலம். புற ஊதா ஒளி பட்டதும் அவ்வெண் ஏறத்தாழ 2.8க்கு இறங்கிவிடுகிறது. இந்த 6.7 வேறுபாட்டை மடங்காகக் கணக்கிட்டால், அமில வலிமை ஏறக்குறைய 5 மில்லியன், அதாவது 50 இலட்சம் மடங்கு கூடுகிறது. சற்று முன்பு வரை வினிகரைவிட மிக மெலிந்திருந்த ஒரு பொருள், ஒளி பட்டதும் வினிகரின் அமிலத்தையே விஞ்சிவிடுகிறது. இத்தகைய பொருள்களை ‘ஒளியமிலங்கள்’ என்பர்.

இம்மாற்றத்தின் காரணம் எலக்ட்ரான்களின் இடப்பெயர்ச்சி. இயல்பு நிலையில், ஆக்சிஜனைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் செறிவு ஹைட்ரஜனைத் தன்னருகே பற்றி வைத்துக்கொள்கிறது. ஒளியின் ஆற்றல் கிடைத்ததும் அச்செறிவில் ஒரு பகுதி ஆக்சிஜனை விட்டு வளையங்களின் பக்கம் நகர்கிறது. பிடி தளர்கிறது. புரோட்டான் எளிதில் விலகுகிறது. விலகிய பின் எஞ்சும் எதிர்மின் சுமையையும் அகன்ற வளையங்கள் தாங்கிக்கொள்கின்றன.

இம்மாற்றத்தின் அளவைக் கணிக்க ஃபோர்ஸ்டர் ஒரு வழியும் வகுத்தார். புரோட்டான் உள்ள வடிவமும் அதை இழந்த வடிவமும் விழுங்கும் அல்லது உமிழும் ஒளியின் ஆற்றலை அளந்து ஒப்பிட வேண்டும். அந்த ஆற்றல் வேறுபாட்டிலிருந்து, கிளர்வுற்ற நிலையின் அமில வலிமையைக் கணக்கிட்டுவிடலாம். ‘ஃபோர்ஸ்டர் சுழற்சி’ என்னும் இம்முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

கொடுக்க ஒருவர், வாங்க ஒருவர்

செராஸ் வீட்டில் ஒளிர்ந்த குவளைகளுக்கும் இதே விளக்கம் பொருந்தும். பைரானினின் அமில வலிமை எண் இயல்பு நிலையில் 7.4 அளவில் இருந்தாலும், ஒளி பட்டதும் ஏறத்தாழ 1க்கு இறங்கிவிடுகிறது. எலுமிச்சை நீரின் பி.எச். அதைவிட அதிகம். ஆகவே, இருட்டில் புரோட்டானைப் பற்றியிருந்த பைரானின், புற ஊதா ஒளி பட்டதும் அதனை நீரிடம் ஒப்படைத்துவிட்டுப் பச்சையாக ஒளிர்கிறது. ஒளியை உமிழ்ந்தபின் அது மீண்டும் மெலிந்த அமிலமாகி, ஒரு புரோட்டானை நீரிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கடன் தீர்ந்து கணக்கு நேராகிறது. மறுபடி ஒளி பட்டால் மறுபடி அதே சுற்று.

இதில் நீரின் பங்கை மறந்துவிடக்கூடாது. புரோட்டானைத் தர ஒன்று துணிந்தால் மட்டும் போதாது; அதை ஏற்க மற்றொன்று அருகில் இருக்க வேண்டும். நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்பதால், வந்து சேரும் புரோட்டானைக் கூட்டாகத் தாங்குகின்றன. ஒரு நீர் மூலக்கூறு பெற்ற புரோட்டானுக்கு ஈடாக இன்னொன்றை அடுத்த மூலக்கூறுக்குக் கடத்திவிடுகிறது. நீரில் மின்னோட்டத்தை விளக்க இத்தகைய சங்கிலித் தொடர் ஒன்றை 1806ஆம் ஆண்டிலேயே குரோத்தஸ் கற்பனை செய்திருந்தார்.

நீருக்குப் பதிலாக மெத்தனால் என்னும் ஆல்கஹாலில் பைரானினைக் கரைத்தால் காட்சி மாறிவிடும். மெத்தனால் புரோட்டானை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. கொடுக்கத் தயாராக இருந்தும் வாங்க ஆளில்லாமல், பைரானின் தன் புரோட்டானோடு நின்று நீல நிறத்தில் ஒளிர்கிறது. பச்சை என்றால் கைமாறிவிட்டது. நீலம் என்றால் கைமாறவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு புரோட்டானின் பயணத்தை நிறமே சொல்லிவிடுகிறது. (மெத்தனால் நச்சுத்தன்மை உடையது, அதனைக் கொண்டு செய்யும் சோதனை ஆய்வுக்கூடத்திற்கு மட்டுமே உரியது.)

கடிகாரம் இல்லாமல் அளந்த நேரம்

இந்தக் கைமாற்றம் எவ்வளவு நேரத்தில் நிகழ்கிறது? ஒளியின் வேகத்தைக் கொண்டு அதை உணரலாம். ஒரு வினாடியின் 100 கோடியில் ஒரு பங்கு ஒரு நானோவினாடி. அதற்குள் ஒளி 30 சென்டிமீட்டர், அதாவது பள்ளி அளவுகோலின் நீளம் மட்டுமே செல்லும். கிளர்வுற்ற பைரானின் உயிர்வாழ்வது சில நானோவினாடிகள்தாம். நீரில் அது தன் புரோட்டானைத் தந்துவிட எடுத்துக்கொள்ளும் நேரமோ ஒரு நானோவினாடியின் பத்தில் ஒரு பங்கு. அந்நேரத்தில் ஒளிகூட 3 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும்.

இத்தகைய நேரத்தை நேரடியாக அளக்கும் கருவிகள் 1950களில் இல்லை. அப்போது ஃபோர்ஸ்டருடன் பணியாற்றிய ஆல்பர்ட் வெல்லர், கடிகாரமே இல்லாமல் அதைக் கணக்கிட்டார். அவரது வழியை எம்.ஆர்.டி. தொடர்வண்டியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். தாமான் கோனாட் நிலையத்தில் வண்டியின் கதவுகள் சிறிது நேரமே திறந்திருக்கும். இறங்க விரும்பிய நூறு பேரில் எண்பது பேர் இறங்கிவிட்டனர். இருபது பேர் உள்ளேயே மாட்டிக்கொண்டனர் என்று வைத்துக்கொள்வோம். கதவு திறந்திருந்த நேரம் தெரிந்தால், பயணிகள் என்ன வேகத்தில் இறங்கினர் என்பதை எவரும் கணக்கிட்டுவிடலாம். ஒவ்வொருவரையும் கடிகாரம் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

மூலக்கூற்றின் கிளர்வுற்ற வாழ்நாள்தான் திறந்திருக்கும் கதவு. அது மூடுவதற்குள் புரோட்டானைத் தந்துவிட்டவை ஒரு நிறத்தில் ஒளிர்கின்றன. தராதவை வேறொரு நிறத்தில் ஒளிர்கின்றன. இரண்டு ஒளிகளின் விகிதத்தை அளந்து, வெல்லர் கைமாற்றத்தின் வேகத்தைக் கண்டார். 2-நாப்தாலுக்குக் கிடைத்த விடை ஏறத்தாழ பத்து நானோவினாடி. அதன் கிளர்வுற்ற வாழ்நாளும் ஏறக்குறைய அதே அளவுதான். எனவேதான், நாப்தால் கரைசலில் இரண்டு ஒளிர்வுகளும் சேர்ந்தே தோன்றுகின்றன.

வெல்லர் இன்னொரு புதிரையும் விடுவித்தார். கைகால் வலிக்குத் தேய்க்கும் தைலங்கள் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் என்னும் மணமுள்ள பொருள் உண்டு. புற ஊதா ஒளியை விழுங்கும் அப்பொருள், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த ஆற்றலுடைய நீல ஒளியை உமிழ்கிறது. அதன் மூலக்கூற்றில் புரோட்டானைத் தரும் இடமும் ஏற்கும் இடமும் அருகருகே அமைந்துள்ளன. ஒளி பட்டதும் புரோட்டான் ஒரே மூலக்கூற்றுக்குள் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாறிவிடுகிறது என்று 1950களின் நடுப்பகுதியில் வெல்லர் விளக்கினார்.

1967ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு, அதிவேக வேதி வினைகளை ஆராய்ந்த மேன்ஃபிரட் ஐகன், நோரிஷ், போர்ட்டர் ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. லேசர் கருவிகள் வளர்ந்தபின், நானோவினாடியைவிட மிகச் சிறிய நேரத்தையும் நேரடியாகவே அளக்க முடிந்தது. இத்துறையில் சாதித்த எகிப்தியரான அகமது செவைல் 1999ஆம் ஆண்டில் அதே பரிசைப் பெற்றார்.

தமிழர் பங்கு

இந்த ஆராய்ச்சியில் தமிழர்களுக்கும் இடமுண்டு. 1983ஆம் ஆண்டில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மீ. சுவாமிநாதனும் எஸ். கே. டோக்ராவும் 5-அமினோஇண்டசோல் என்னும் சேர்மத்தை ஆராய்ந்து, முடிவுகளை அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். கரைப்பானையும் பி.எச். அளவையும் படிப்படியாக மாற்றி, அச்சேர்மம் விழுங்கும் ஒளியையும் உமிழும் ஒளியையும் அவர்கள் ஒப்பிட்டனர். ஒளி பட்டதும் அம்மூலக்கூற்றில் ஓர் இடத்தில் புரோட்டான் விலகி, மற்றோர் இடத்தில் புரோட்டான் சேர்வதை அவ்வொப்பீடு காட்டிக்கொடுத்தது. சுவாமிநாதன் பின்னர்ச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், அதிவேக நிகழ்வுகளை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. நானோவினாடியைவிடக் குறுகிய நேரத்தில் மூலக்கூறுகளுக்கு நேர்வதை அங்கு லேசர் ஒளியைக் கொண்டு ஆராய்கின்றனர்.

தோல் முதல் உயிரணு வரை

நிலநடுக்கோட்டை ஒட்டிய மலேசியாவில் வெயிலுக்குக் குறைவில்லை. தோலில் பூசும் வெயில் தடுப்புக் களிம்புகள் சிலவற்றில் ஆக்சிபென்சோன் என்னும் சேர்மம் உள்ளது. புற ஊதா ஒளியை விழுங்கியதும், அதன் மூலக்கூற்றுக்குள்ளேயே ஒரு புரோட்டான் இடம் மாறுகிறது. வாங்கிய ஆற்றல் வெப்பமாகச் சிதறிவிடுகிறது. உடனே புரோட்டான் பழைய இடத்திற்குத் திரும்பிவிடுகிறது. மூலக்கூறு சிதையாமல், அடுத்த ஒளித்துகளை ஏற்க ஆயத்தமாகிறது. தைலத்தில் வெல்லர் கண்ட இடமாற்றமே இங்குத் தோலுக்குக் காவலாக நிற்கிறது.

உயிரியலிலும் இவ்வினைக்குப் பெரும் பங்கு உண்டு. ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா, ஒளிரும் சொறிமீன் ஒன்றிலிருந்து பச்சை நிறத்தில் ஒளிரும் ஒரு புரதத்தைக் கண்டெடுத்து, 1962ஆம் ஆண்டில் அதைப் பற்றி வெளியிட்டார். அப்புரதத்தின் நடுவில் இருப்பதும் ஓர் ஒளியமிலம்தான். ஊதா ஒளி பட்டதும் அது தன் புரோட்டானைப் புரதத்துக்குள்ளேயே உள்ள ஒரு நீர் மூலக்கூற்றின் வழியாகக் கடத்திவிட்டு, பச்சையாக ஒளிர்கிறது. இன்று அப்புரதத்தை ஓர் அடையாள விளக்காகப் பயன்படுத்தி, உயிரணுவுக்குள் எந்தப் புரதம் எங்கே செல்கிறது என்பதை ஆய்வாளர்கள் நேரில் காண்கின்றனர். இந்தப் பணிக்காக ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோர்க்கு 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

அழிக்கப்படாத எண்

தாமான் கோனாட்டில் கூடாரங்களைப் பிரிக்கும் ஓசை கேட்கத் தொடங்கியது. குவளைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்த தங்கை மீண்டும் மேசையில் அமர்ந்தாள்.

“அப்படியானால் என்னுடைய 23.80உம் புதிய கண்டுபிடிப்பா அக்கா?”

அக்காள் சிரித்தாள். “அநேகமாக இருக்காது. காரத்தை அளந்து ஊற்றும்போது சற்றுக் குறைந்திருக்கலாம். நாளைக்கு ஆசிரியரிடம் கேட்டு மறுபடி செய்து பார். ஆனால், எழுதி வைத்தால்தானே எதைச் சரிபார்ப்பது என்று தெரியும்?”

பொருந்தாத அளவுகளில் பெரும்பாலானவை பிழைகளாகவே இருக்கும். ஒரு சில மட்டுமே, அதுவரை எவரும் அறியாத உண்மையின் வாசலாக அமையும். இரண்டும் ஏட்டில் ஒரே தோற்றத்தில்தான் இருக்கும். அழித்துவிட்டவருக்கு அவற்றைப் பிரித்தறியும் வாய்ப்பே இல்லை. அமிலத்தால் மறைந்த நீலத்தைப் பாயில் எழுதிவைத்தார். பொருந்தாத இரண்டு அளவுகளை வெபர் எழுதிவைத்தார். அவற்றுக்கான காரணத்தை ஃபோர்ஸ்டர் தேடிக் கண்டார்.

தங்கை அழிப்பானைப் பெட்டிக்குள் வைத்தாள். அட்டவணையில் 23.80 அப்படியே நின்றது. அதன் கீழே அவள் ஒரு வரியைச் சேர்த்தாள்: “எதிர்பார்த்த அளவு 25.00. வேறுபாட்டின் காரணம் அறிய, சோதனை மீண்டும் செய்யப்பட வேண்டும்.”

அருஞ்சொற்பொருள்

இயல்பு நிலை – ஒளியை விழுங்குவதற்கு முன் மூலக்கூறு இருக்கும் நிலை
கிளர்வுற்ற நிலை – ஒளியை விழுங்கியபின் மூலக்கூறு அடையும் உயர் ஆற்றல் நிலை
ஒளிர்வு – விழுங்கிய ஆற்றலை ஒளியாகத் திரும்ப உமிழ்தல்
ஒளியமிலம் – ஒளி பட்டதும் புரோட்டானை எளிதில் தரும் சேர்மம்
கரைப்பான் – பிற பொருளைத் தன்னுள் கரைக்கும் நீர்மம்
செறிவு – அடர்த்தி
விஞ்சுதல் – மிஞ்சுதல்
களை – பொலிவு

கருத்துணர் வினாக்கள்

1. எலுமிச்சைச் சாறு கலந்த குவளையைப் பற்றித் தங்கைக்கு எழுந்த ஐயம் யாது?
2. வெபர் கண்ட இரண்டு அளவுகள் ஏன் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை? ஃபோர்ஸ்டரின் விளக்கத்தைக் கொண்டு எழுதுக.
3. நீரிலும் மெத்தனாலிலும் பைரானின் வெவ்வேறு நிறங்களில் ஒளிர்வதற்கான காரணத்தை விளக்குக.
4. தொடர்வண்டி உவமையில் ‘கதவு’, ‘இறங்கியவர்’, ‘இறங்காதவர்’ ஆகியவை எவற்றைக் குறிக்கின்றன?
5. “எழுதி வைத்தால்தானே எதைச் சரிபார்ப்பது என்று தெரியும்?” அக்காளின் இக்கூற்றிலிருந்து நீங்கள் அறியும் பண்பு யாது?
6. எதிர்பார்த்த விடை கிடைக்காதபோது ஒரு மாணவர் செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை குறித்துக் குழுவில் கலந்துரையாடி, 80 சொற்களில் ஒரு பத்தி எழுதுக.